விசில் இல்லாத மைதானம்

கோல்ஃப் என்றால் காசு இருப்பவர்கள் வண்டியில் உட்கார்ந்து போய் ஆடுகிற ஆட்டம் என்பது எங்கள் ஊர் பி.டி. மாஸ்டர்கள் மத்தியில் ஒரு பொதுக் கருத்து. நானும் அந்தக் கட்சிதான். இந்தக் கோடைக்குப் பிறகு பாதி அந்தக் கட்சி, பாதி இந்தக் கட்சி என்று ஆகிவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹாக்கிதான் எனக்குச் சோறு போட்டது. என்னிடம் ஸ்டிக் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்கள் இதைப் படித்தால், "சார் கோல்ஃப் பத்தி எழுதுறாராம்டா" என்று குரூப்பில் போட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மகள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. நானும் வீட்டுக்காரியும் வந்திருக்கிறோம். வேலையில்லாத தாத்தாவுக்கு இங்கே ஒரு டியூட்டி: சனிக்கிழமை காலையில் பேரனோடு கோல்ஃப் வகுப்புக்குப் போவது. மாப்பிள்ளை காரில் இறக்கிவிட்டுக் கடைகண்ணிக்குப் போய்விடுவார். நான் மடக்கு நாற்காலியைப் போட்டு ஒரு மர நிழலில் உட்கார்ந்துகொள்வேன். ஜூலையில் இங்கே வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் என்பதால் வகுப்பு காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடும். கோவில்பட்டிக்காரனுக்கு வெயில் ஒன்றும் புதிதில்லை. ஆனால் இங்கே அது புல்லின் மேல் அடிக்கிறது, அங்கே கரிசல் மேல் அடிக்கும்.

வகுப்பை நடத்துவது 'ஃபர்ஸ்ட் டீ' என்கிற அமைப்பு. 1997-ல் ஆரம்பித்தது. பெண்கள் தொழில்முறைச் சங்கமான எல்.பி.ஜி.ஏ., மாஸ்டர்ஸ் என்கிற பெரிய போட்டியை நடத்துபவர்கள், பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா, பி.ஜி.ஏ. டூர், யு.எஸ்.ஜி.ஏ. என்று அமெரிக்க கோல்ஃபின் பெரிய தலைகள் எல்லாம் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை. இன்றைக்கு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் கிளைகள் இருக்கின்றன. சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பேரனுடைய வகுப்பில் இருப்பவர் என் வயதுக்காரர், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறவர். கழுத்தில் விசில் இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை மேய்த்தவன் ஒரு வகுப்பைப் பார்த்தால் முதலில் விளையாட்டைப் பார்க்க மாட்டான், ஒழுங்கைத்தான் பார்ப்பான். கையில் இரும்புத் தலை வைத்த மட்டையோடு பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள். யாருடைய பல்லும் போகாமல் ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுகிறார்கள்? தரையில் வண்ண வண்ண வளையங்களைப் போட்டிருக்கிறார்கள். உன் முறை வரும்வரை உன் இடம் அந்த வளையத்துக்குள்ளே, மட்டை தரையிலே. மட்டையைச் சுழற்றுவதற்கு முன் பின்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே பந்து ஆள் இருக்கும் பக்கம் பறந்தால் 'ஃபோர்!' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்கப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் அளவுக்குச் சத்தம் போடுகிறார்கள்.

வகுப்புக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் கோச்சிடம் போய்த் தொப்பியைக் கழற்றி, முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லிக் கை குலுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கூட ஆடியவர்களோடும் அதே மாதிரி. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நம் பள்ளிகளில் நாற்பது பேர் எழுந்து "வணக்...கம்... ஐயா" என்று இழுத்துப் பாடுவார்கள். அதில் ஒருத்தன் முகமும் நமக்குத் தெரியாது, அவர்களுக்கும் நம் முகம் தெரியாது. என் பேரன் கூச்சக்காரன், வீட்டுக்கு யாராவது வந்தால் மாடிக்கு ஓடிவிடுவான். இப்போது கதவைத் திறந்து, "வாங்க, நான்தான் இன்னார்" என்று சொல்லிக் கையை நீட்டுகிறான். என் சம்பந்தியம்மா வந்தபோது அவர்களுக்கே கை கொடுத்தான். அந்த அம்மாள் திகைத்துப் போனார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ஹாக்கியில் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் பாடம், 'விசில் அடிக்கிற வரைக்கும் ஆடு'. பந்து காலில் பட்டதா இல்லையா என்று நீ யோசிக்காதே, அதற்கு அம்பயர் இருக்கிறார். ஹாக்கிக்கு அது சரியான பாடம். வேகமான ஆட்டத்தில் அப்படித்தான் ஆட முடியும். கோல்ஃபில் அம்பயர் இல்லை. பெரிய போட்டிகளில் நடுவர் உண்டு, ஆனால் நூற்றைம்பது பேர் நூறு ஏக்கருக்கு மேல் சிதறி ஆடுகிற இடத்தில் அவர் எத்தனை பேர் பின்னால் ஓடுவார்? அதனால் விதிப்புத்தகத்தின் முதல் விதியிலேயே, தப்பு நடந்தால் ஆடுகிறவனே சொல்லித் தண்டனை ஏற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு பழைய கதையைக் கோச் பிள்ளைகளிடம் சொன்னார். 1925-ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி, மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் மைதானத்தில். பாபி ஜோன்ஸ் என்பவர் அன்றைக்கு அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. உயரமான புல்லுக்குள் பந்து கிடக்கிறது, அடிக்கத் தயாராகும்போது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவராகவே சொல்லி ஒரு அடி தண்டனை ஏற்றுக்கொண்டார், அதாவது அவர் அடித்த அடிகளின் கணக்கில் ஒன்று கூடியது. கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவனுக்குத்தான் வெற்றி. கடைசியில் வில்லி மக்ஃபார்லேனோடு சம நிலையில் முடிந்து, வெற்றியாளரை முடிவு செய்ய அடுத்து நடந்த கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தண்டனை அடி இல்லாமலிருந்தால் பிளே-ஆஃபே தேவைப்பட்டிருக்காது. அவரைப் பாராட்டியபோது அவருக்குக் கோபம் வந்ததாம். வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காக ஒருத்தனைப் பாராட்டுவீர்களா என்கிற மாதிரி பதில் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

கதை நல்ல கதைதான். ஆனால் கதை சொல்லிப் பிள்ளைகள் திருந்துவதாக இருந்தால் நம் ஊரில் அரிச்சந்திரன் கதை கேட்டவர்கள் எல்லாம் எங்கேயோ போயிருக்க வேண்டும். நான் நம்புவது அதற்கப்புறம் நடந்த ஒன்றை.

கோல்ஃபில் மட்டையைச் சுழற்றிப் பந்தில் படாமலே போனாலும் அது ஒரு அடிதான். அடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு சுழற்றினால் கணக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும்: பலமாக ஒரு வீச்சு, காற்றில் 'விஷ்ஷ்' என்று சத்தம், பந்து அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு மூன்று மூன்று பேராகப் பிரித்துச் சின்னக் குழிகளில் ஆட விட்டார்கள். அடிக்கணக்கை எழுத ஆளுக்கொரு கார்டு. பேரனுடைய கார்டு ஒரு கொரியப் பையன் கையில். அவன் கார்டு இன்னொரு பெண் பிள்ளையிடம். அவள் கார்டு என் பேரனிடம். தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்கிற வேலை கிடையாது.

என் பேரன் ஒரு சரிவில் நின்று வீசினான், காற்றைத்தான் அடித்தான். கொரியப் பையன் அந்த நேரம் பக்கத்துக் குளத்தில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் பிள்ளை தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கோச் வேறு குழுவோடு. பார்த்தது நான் மட்டும்தான், அதுவும் மர நிழலில் இருந்து. நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. குழியில் பந்தைத் தள்ளி முடித்ததும் கார்டு வைத்திருந்தவன் கேட்டான், "ஏழுதானே?" என் பேரன் பதில் சொல்லவில்லை. விரலை மடக்கி ஆரம்பத்திலிருந்து எண்ணினான். சுண்டு விரலில் இருந்து கட்டை விரல் வரைக்கும், அப்புறம் அடுத்த கை. ஏழாவது விரலில் கொஞ்சம் நின்றான். அங்கே அவன் மனதில் என்ன ஓடியது என்று இருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு "எட்டு. ஒண்ணு காத்துல போச்சு" என்றான். அந்தப் பையனும் "சரி, எட்டு" என்று எழுதிக்கொண்டான்.

அதற்குள் கோச் வந்துவிட்டார், கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதுகில் தட்டி, பிரேயரில் நிறுத்தி நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அடுத்த குழிக்குப் போங்க, பின்னாடி ஆள் காத்திருக்காங்க" என்றார். அவ்வளவுதான். உண்மையைச் சொல்வது ஒரு சாதனை இல்லை, அது இந்த ஆட்டத்தில் பந்தைக் குழியில் போடுவது மாதிரி ஒரு வேலை என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சொல்லிவிட்டார். ஜோன்ஸ் கதையின் சாரமும் அதுதானே.

ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் எழுதுகிற இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. எழுதுவது நண்பன், ஆனால் கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நீ. 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாக்காரர் ராபர்ட்டோ டி விசென்ஸோ 17-வது குழியை மூன்று அடியில் முடித்தார். கார்டு எழுதிய டாமி ஆரோன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே நிற்கும் என்பது விதி. பாப் கோல்பியோடு பிளே-ஆஃப் ஆட வேண்டியவர் இரண்டாம் இடத்தோடு ஊருக்குப் போனார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் வேறு. அவர் ஆரோன்மேல் குறை சொல்லவில்லை, தன்னைத்தான் நொந்துகொண்டார். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைக்கு ஒன்பது வயதிலேயே புரிகிறது. நம்மில் பலருக்கு வீட்டுக் கடன் பத்திரத்தில் போட்ட பிறகுதான் புரிந்தது.

ஃபர்ஸ்ட் டீயில் நேர்மை, நாணயம், மரியாதை, தன்னம்பிக்கை, பொறுப்பு, விடாமுயற்சி, விளையாட்டுப் பண்பு, பணிவான நடத்தை, நிதான முடிவு என்று ஒன்பது பண்புகளை வைத்திருக்கிறார்கள். ஆரோக்கியப் பழக்கங்களும் ஒன்பது. உடம்புக்கு மூன்று: சக்தி தரும் சாப்பாடு, ஓடியாடுவது, பாதுகாப்பு. மனதுக்கு மூன்று: எதிர்காலக் கனவு, மனநிலை, குடும்பம். மற்றவர்களோடு இருப்பதற்கு மூன்று: நண்பர்கள், பள்ளி, ஊர். ஆக மொத்தம் பதினெட்டு. பேனரில் பார்க்க அழகாக இருக்கிறது. ஒன்பது வயதுப் பையனிடம் பதினெட்டையும் ஒப்பிக்கச் சொன்னால் பன்னிரண்டாவதில் நிற்பான், என் மாணவர்கள் ஆத்திசூடியில் நின்றது மாதிரி. சில சனிக்கிழமைகளில் அடிப்பதைவிடப் பேச்சு அதிகம். அந்த நேரங்களில் எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஆனால் பேச்சாக இல்லாமல் காரியமாகச் செய்கிற இடங்களில் அசத்துகிறார்கள். 'நாலு ஆர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மோசமாக ஒரு அடி விழுந்தால்: நடந்ததை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார் (ரீப்ளே), உடம்பைத் தளர்த்து (ரிலாக்ஸ்), தயாராகு (ரெடி), மறுபடி செய் (ரீடூ). பேரன் ஒரு நாள் பந்தைக் குளத்தில் விட்டான். மட்டையைத் தூக்கி எறியக் கை ஓங்கியது. கோச் பக்கத்தில் போய், "முதல் ஆர் எங்கே?" என்று மட்டும் கேட்டார். பையன் முறைத்துக்கொண்டே கண்ணை மூடினான். மூச்சு விட்டான். அடுத்த பந்தையும் குளத்தில்தான் விட்டான் என்பது வேறு விஷயம். மட்டை கையில் இருந்தது. கோல்ஃபில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நடந்து போக வேண்டிய தூரம் இருப்பதால்தான் இதெல்லாம் சாத்தியம். ஹாக்கியில் தப்பை நினைத்துப் பார்க்க நேரமேது, எதிராளி கோல் அடித்திருப்பான்.

திருத்துகிற விதமும் எனக்குப் பிடித்தது. முதலில் நன்றாக வந்தது எது என்று பிள்ளையையே கேட்கிறார்கள். அப்புறம் எது இன்னும் நன்றாக வரலாம். அப்புறம் எப்படி. "தோளைத் திருப்பு, தலையைத் தூக்காதே, முழங்காலை மடக்கு" என்று ஒரே நேரத்தில் மூன்று கட்டளை போடுவதில்லை. பெற்றோர்கள்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து போடுகிறார்கள், அதில் நம் தமிழ் அப்பாக்கள் இரண்டு பேர் முன்னணியில் இருக்கிறார்கள். அவர்களைக் கோச் சிரித்த முகத்தோடு காபி குடிக்க அனுப்பிவிடுவார்.

உணவு விஷயம். பேரன் பையில் கடலை மிட்டாய் வைத்து அனுப்பலாம் என்று ஊரிலிருந்து வாங்கி வந்திருந்தேன். புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிச் சரக்கு. கடலை, வெல்லம், இதைவிடச் சக்தி தருகிற பண்டம் ஏது? பேரன் எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். "கூட ஆடுற பொண்ணுக்குக் கடலை ஆகாது தாத்தா. தொட்டாலே ஊசி போடணும்." வாழைப்பழமும் வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டான். பேனரில் இருக்கிற பதினெட்டில் இது எத்தனையாவது என்று தெரியாது, ஆனால் கண்டிப்பாக அதில் ஒன்று. மிட்டாயை நானும் மாப்பிள்ளையும் தீர்த்தோம்.

தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வெயில் களிம்பும் இல்லாமல் யாரும் புல்லில் இறங்குவதில்லை. தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் சொல்கிறார்கள். இடி மின்னல் என்றால் நீளமாக ஒரு ஹாரன் ஒலிக்கும், அப்போது கையிலிருக்கும் அடியைக்கூட முடிக்காமல் உள்ளே ஓட வேண்டும். டெக்சாஸ் மழைக்கு அது தேவை. வயல்வெளியில் இடி விழுந்து செத்தவர்களைப் பற்றி ஐப்பசி தோறும் பேப்பரில் படிக்கிற நமக்கும் தேவை.

குறை என்னவென்றால், உடம்புக்கு இது மட்டும் போதாது. 18 குழியையும் நடந்தே ஆடினால் எட்டு, பத்து கிலோமீட்டர் வரும், அது நல்ல நடைதான். ஆனால் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு வியர்ப்பது வெயிலால்தான், ஓட்டத்தால் இல்லை. அதனால் மாலையில் நான் அவனைப் பூங்காவில் ஓட விடுகிறேன். இதை மகளிடம் சொன்னபோது, "அப்பா, உங்களுக்கு எதுலயும் ஒரு குறை வேணும்" என்றாள். வேணும்தான்.

காசு விஷயமும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் கதவைச் சாத்தி வைத்த வரலாறு நீளமானது. பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா தன் சட்டத்தில் வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினர் என்று வைத்திருந்த வரியை 1961-ல்தான் நீக்கியது. மாஸ்டர்ஸை நடத்துகிற அகஸ்டா கிளப் ஒரு கறுப்பினத்தவரை 1990-லும், பெண்களை 2012-லும்தான் உறுப்பினராகச் சேர்த்தது. அதே ஆட்கள் சேர்ந்து 1997-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள் என்றால் காரணத்தை யூகிப்பது கஷ்டமில்லை. அந்த வருஷம்தான் கறுப்பினத் தந்தையின் மகனான 21 வயது டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்றார். எதுவானாலும் இப்போது கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு உதவி இருக்கிறது, மட்டையும் அங்கேயே தருகிறார்கள். 'யூத் ஆன் கோர்ஸ்' என்று வேறொரு திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் பல மைதானங்களில் 5 டாலருக்குள்ளேயே ஆட முடிகிறது.

நம் நாட்டில்? பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இருக்கும் மிகப் பழைய கோல்ஃப் கிளப்பே நம்முடையதுதான், கல்கத்தாவில் 1829-ல் தொடங்கியது. ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் உள்ளே நுழைந்த வழி பெரும்பாலும் மற்றவர்கள் மட்டைப்பையைச் சுமந்துதான். பெங்களூரில் அப்படிப் பை சுமப்பவராக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பனையே வென்றார். 2021 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், கோல்ஃப் விதி ஒன்றும் தெரியாமல் நாமெல்லாம் டிவி முன் உட்கார்ந்து அதிதி அசோக்கைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு அடியில் வெண்கலம் போய் நான்காம் இடம். பையைச் சுமந்து கூட நடந்தது அவருடைய அம்மா.

கோவில்பட்டியில் கோல்ஃப் மைதானம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு எங்கே போவது? எனக்குப் பிடித்தது அந்தக் கார்டு. போன வாரம் என்னிடம் படித்து இப்போது பி.டி. மாஸ்டராக இருக்கும் பையனுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். மைதானத்தில் ஆறு இடத்தில் பழைய டயரைப் போடு. ஹாக்கி ஸ்டிக்கும் பந்தும் போதும். எத்தனை அடியில் பந்து டயரைத் தொடுகிறது என்பதுதான் ஆட்டம். காற்றில் போனாலும் கணக்கு. ஒருத்தன் கணக்கை இன்னொருத்தன் எழுதட்டும், ஆடியவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நீ ஸ்டாஃப் ரூம் வாசலில் நில், பக்கத்தில் போகாதே.

"சார், அறுபது பேருக்குப் பன்னிரண்டு ஸ்டிக்தான் இருக்கு."

"அப்போ ஸ்டிக்குக்கு அஞ்சு பேர். ஒருத்தன் ஆட, ஒருத்தன் எழுத, மீதிப் பேர் வரிசையில நிக்கட்டும். வரிசையில நிக்கறதும் பாடம்தான்."

"ஏமாத்துவானுங்க சார்."

"மொதல்ல ஏமாத்துவானுங்க."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலாண்டுப் பரீட்சை முடியட்டும் சார் என்றான். டயருக்குப் பஞ்சமில்லை, பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே பஞ்சர் கடை இருக்கிறது.